இசக்கியம்மாள் சொன்ன சாட்சி

நாகராஜுக்குக் கடவுளோடு எந்தச் சண்டையும் இருந்ததில்லை. சண்டை டீயில் ஆரம்பித்தது. தாராவியில் அம்மா, தம்பிமார் என்று ஒரே கூரையின் கீழ் நெருக்கியடித்துக் கிடந்த காலத்திலிருந்தே, காலையில் முதல் டீயை அவரும் அவர் மனைவி இசக்கியம்மாளும் சேர்ந்துதான் குடிப்பார்கள். பிறகு செம்பூரில் ஒரு ரூம்-கிச்சன் வீடு அமைந்தது. மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். டீ மட்டும் மாறவில்லை. அப்படியிருக்க ஒரு நாள் காலையில் இசக்கியம்மாள் ஒரே ஒரு டம்ளரை நீட்டினாள்.

"உனக்கு எங்கட்டி?"

"நான் விட்டுட்டேன். இனிமே டீயும் கிடையாது, காப்பியும் கிடையாது."

"எவன் சொன்னான்? டாக்டரா?"

"சபையில சொன்னாவ."

சபை என்றால் எந்தச் சபை என்று நாகராஜுக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் நெஞ்சில் பெயர்ப் பட்டையுமாக இரண்டு இளைஞர்கள் கொஞ்ச நாளாக அந்தக் கட்டடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஆந்திரா, இன்னொருவன் வடகிழக்குப் பக்கம். லிஃப்ட் வேலை செய்யாத ஒரு மே மாத மத்தியானத்தில் மாடிப்படியில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு இசக்கியம்மாள் மோர் கொடுத்தாள். கைமாறாக அவர்கள் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். சபையின் பெயர் மோர்மன் என்று கேள்விப்பட்டதும் நாகராஜ், "மோர் குடுத்த தோஷம், மோர்மன் ஆயிட்டா!" என்று ஆபீஸ் தமிழர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஊரில் சுடலைக்குக் கிடா வெட்டும் குடும்பத்தில் பிறந்து, இசக்கியம்மன் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற பெண், வாஷியில் ஒரு ஹாலுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அவர் தடுக்கவில்லை. கூடப் போகவும் இல்லை.

வாஷியில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அந்த ஹால். செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி பிடித்தால் கோவண்டி, மான்குர்ட், பாலம், வாஷி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இசக்கியம்மாள் புடவை கட்டிக்கொண்டு கிளம்புவாள். கிளம்புமுன் வாசலில் நின்று ஒரு முறை கேட்பாள். "வாறீயளா?" அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ போயிட்டு வா," என்பார். கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. பதினாலு வருஷம்.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வேறு மாதிரி. அன்றைக்கு அந்தச் சபையில் உபவாசம். சனி ராத்திரியும் ஞாயிறு காலையும் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. அன்று பிரசங்கம் கிடையாது. அப்பமும் தண்ணீரும் பரிமாறி முடிந்ததும், மேடையில் இருப்பவர், இனி நேரம் உங்களுடையது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். யாருக்கு மனசில் உந்துகிறதோ அவர்கள் எழுந்து போய், தங்கள் வாழ்க்கையில் கடவுள் என்ன செய்தார் என்று சொல்லலாம். அதற்குச் சாட்சி என்று பெயர்.

"சாட்சியா? எந்தக் கேஸுல?" என்றார் நாகராஜ், முதல் முறை கேட்டபோது.

"சிரிங்க, சிரிங்க. நானும் இன்னைக்குப் போயி நின்னு பேசிட்டேன்."

"நீயா? மைக்குலயா? என்னத்தப் பேசுன?"

"வந்து கேளுங்க."

அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் அவர் கேட்பார், கேலியாகத்தான். அவளும் அதையே சொல்வாள். பட்டினியோடு ரயிலேறி வருகிறவளுக்கு, அவர் ரசமும் பருப்புத் துவையலும் செய்து, சோற்றை வடித்து மூடி வைத்திருப்பார். "சும்மா இருந்தேன், பொங்குனேன்," என்று ஒரு பொய்யும் தயாராக இருக்கும். சும்மா இருக்கிற மனுஷன் மாதத்தில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் எப்படிச் சும்மா இருந்தார் என்று அவள் கேட்டதில்லை.

ஒரு தடவை மட்டும், சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "எங்க சபை ஆலயத்துல போயி புருசன் பொண்டாட்டியா முத்திரை வாங்கிக்கிட்டா, செத்த பொறவும் பிரியவே மாட்டாவளாம். ரெண்டு பேரும் சபையில இருக்கணும், அவ்வளவுதான்."

"இந்த ஜென்மத்துல எங்கிட்ட பட்டது பத்தாதா உனக்கு?"

இசக்கியம்மாள் சிரித்தாள். ஆனால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. நாகராஜ் அதைக் கவனித்தார், கவனித்ததோடு சரி.

கொரோனா இரண்டாம் அலையில் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அவளைப் பிளாஸ்டிக் துணியில் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். தாணேயில் இருக்கும் மகள் ஷ்ருதிகூட வீடியோவில்தான் பார்த்தாள். சபை ஆட்கள் இசக்கியம்மாளின் போனுக்கு விடாமல் கூப்பிட்டார்கள், நாகராஜ் எடுக்கவில்லை. அவர்களில் யாரும் அவரைப் பார்த்தது கிடையாது. அவர்கள் வீட்டுக்கு வந்த வேளையெல்லாம் அவர் ஆபீஸில் இருந்த வேளை.

துக்கம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாசல் வழியாக வரும். நாகராஜுக்கு அது ஒரு கேள்வியாக வந்தது. அந்த மைக்கின் முன்னால் நின்று அவள் என்னதான் பேசினாள்? பதினாலு வருஷம் மாதா மாதம் பட்டினி கிடந்து போய்ப் பேசியிருக்கிறாள். ஊருக்கே சொன்னதைக் கட்டினவன் கேட்கவில்லை. மகளுக்குப் போன் செய்தார்.

"சின்னதுல நீ அம்மாகூடப் போவியேம்மா. அவ என்ன பேசுவா?"

"ஞாபகம் இல்லப்பா. நான் பின்னாடி உக்காந்து கேம் ஆடிட்டு இருப்பேன். எதுக்குப்பா இப்போ?"

"சும்மாதான்."

போனை வைத்தார். இசக்கியம்மாளின் குரல் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொன்ன குரல், மீன் வாங்கிட்டு வாங்க என்று சொன்ன குரல், எல்லாம் இருந்தன. அந்த மேடையில் பேசிய குரல் மட்டும் அவரிடம் இல்லை. அது எப்படியாவது வேண்டும் என்று சின்னப்பிள்ளை போல அடம் பிடித்தது மனசு.

ஹால் திரும்பத் திறந்ததும் ஒரு முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வாஷிக்குப் போனார். வாசலில் பிரமிளா என்ற மராத்திப் பெண்மணி கைகொடுத்து, பெயர் என்ன என்று இந்தியில் கேட்டாள். "சுப்பையா," என்றார். பொய் இல்லை. பம்பாயில் தமிழன் எங்கே பெயர் எழுதினாலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுவார்கள். ஆபீஸில் முப்பது வருஷமும் அவர் சுப்பையா சாப்தான். சம்பளம் வாங்கியது, திட்டு வாங்கியது எல்லாம் செத்துப்போன அப்பா பெயரில். அதுவே வாயில் வந்தது. வந்தது நல்லதாகவும் போயிற்று. உயிரோடு இருந்தவள் பதினாலு வருஷம் கூப்பிட்டு வராதவன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய வந்து நிற்கிறானே என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அப்பத் தட்டு வந்தபோது தொடாமல் பக்கத்து ஆளிடம் நகர்த்தினார்.

முதல் நாளே அதிர்ஷ்டம். ஒரு கிழவர் எழுந்து போய் இந்தியில் பேசும்போது, "சிஸ்டர் இசக்கி இந்த இடத்தில் நிற்பாள், அவள் இல்லாதது பெரிய குறை," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாகராஜ் ஒரு மாதம் ஓட்டினார்.

அப்படியே பழகிவிட்டது. முதல் ஞாயிறு வந்தால் அவர் வாஷியில். யாராவது ஒருத்தர் அவள் பெயரைச் சொல்லமாட்டார்களா, அவள் பேசினதில் ஒரு வரியைச் சொல்லமாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருவர் பேசி முடிந்து அடுத்தவர் எழும்வரை ஹாலில் ஒரு மௌனம் இருக்கும். அந்த மௌனத்தில் அவர் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்ப்பார். பேசுகிறவர்களில் பாதிப்பேர் "எனக்குத் தெரியும்" என்று தொடங்குவார்கள். கடவுள் உண்டு என்று எனக்குத் தெரியும், இந்தச் சபை உண்மை என்று எனக்குத் தெரியும். முடிக்கும்போது இயேசுவின் நாமத்தில் ஆமென் என்பார்கள். கூட்டமும் ஆமென் என்று சொல்லும். அம்மா காதில் ஊதிக் கொடுக்கச் சின்னக் குழந்தைகள்கூடச் சொல்லும். வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, காய்ச்சல் தீர்ந்தது எல்லாம் வரும். இசக்கியம்மாள் மட்டும் வரமாட்டாள்.

நாளாக ஆக அவள் பெயர் குறைந்தது. அந்தக் கிழவர் மகன் வீட்டோடு புனே போய்விட்டார். புது முகங்கள் வந்தன. ஒரு வருஷம் கழிந்தது, இன்னொன்றும் கழிந்தது. இப்போதிருக்கிற பெயர்ப் பட்டைப் பையன்களுக்கோ இவர் ஒரு தீராத ஆச்சரியம். கூப்பிடாமலே வலையில் வந்து குதிக்கிற மீன், கரைக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. "அங்கிள், என்னைக்கு வீட்டுக்கு வரலாம்?" என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று படியிறங்கிவிடுவார்.

அவருக்குத் தெரியாமலே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் ஞாயிறு அவரும் பட்டினி. அவளுக்குப் பொங்கி வைக்க வேண்டிய அவசியம் போனபிறகு, அன்றைக்குத் தனக்கென்று அடுப்பு மூட்ட அவருக்குக் கை வரவில்லை. இதற்கு விரதம் என்று அவர் பெயர் வைக்கவில்லை.

இந்த ஏப்ரலில்தான் அது தடுமாறியது. முதல் ஞாயிறு என்று சனி ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்து போனால், ஹாலில் மேடைக்கு முன் ஒரு பெரிய திரை. அமெரிக்காவில் நடந்த சபை மாநாட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் இங்கிலீஷில் பேசினார்கள். வருஷத்தில் இரண்டு தடவை இப்படி வரும், அப்போது உபவாசமும் சாட்சியும் வேறொரு ஞாயிற்றுக்குப் போய்விடும் என்பது சபை ஆட்களுக்குத் தெரியும். கடைசி வரிசை விருந்தாளிக்கு எப்படித் தெரியும்? முந்தின தடவைகளில் காய்ச்சலென்றும் பேத்தி பிறந்தநாள் என்றும் அவர் வராமல் போயிருந்தார். கூட்டம் முடிந்ததும் பிரமிளாவிடம் போய், இன்றைக்குச் சாட்சி இல்லையா என்று இந்தியில் கேட்டார்.

"ஆஜ் சாட்சி நஹீ ஹை க்யா?"

"அது அடுத்த வாரம், அங்கிள்," என்றவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு காய்ந்து கிடந்தது. "ஆப் பூக்கே ஆயே ஹோ?" பட்டினியாகவா வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். "மெம்பர்களே பாதிப்பேர் பட்டினி இருப்பதில்லை. உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

பசியோ, அலுப்போ, ஏமாற்றமோ, நாகராஜுக்கு அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை. "மேரி பீவி ரக்தீ தீ," என் மனைவி இந்த உபவாசம் இருப்பாள் என்றார். "இசக்கியம்மாள்."

பிரமிளா டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஆப்... நாக்ராஜ்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயரை அவர் இந்த ஹாலில் யாரிடமும் சொன்னதில்லை. பிரமிளா திரும்பி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். பழைய ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். நாக்ராஜா, இவரா, சிஸ்டரோட நாக்ராஜா என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் பேச்சில் அந்தப் பெயர் வருமாம். கடவுள் பெயருக்கு அடுத்தபடி அதிகம் வந்த பெயர் அதுதான் என்றார் வெங்கட்ராவ் என்ற தெலுங்குக்காரர்.

நாகராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்தார். இத்தனை நாள் காத்திருந்தது இதோ கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. "என்னைப் பத்தி என்ன சொன்னா?" என்று இந்தியில் கேட்டார்.

"தெரியாது, அங்கிள்," என்றாள் பிரமிளா. "சிஸ்டர் தமிழில் பேசுவாள்."

அந்த ஹாலில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவரவர் தாய்மொழியில் சாட்சி சொல்ல அங்கே தடையும் இல்லை. அவள் பேசுவாள், இவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்வார்கள். நடுவில் அவளே சிரித்துவிடுவாள் என்றாள் ஒருத்தி. அழுது பார்த்ததில்லை என்றார் இன்னொருவர். வெங்கட்ராவுக்கு அரைகுறையாக ஏதோ புரிந்திருக்கிறது. ஏதோ சோறு, ரசம், மூடி வைத்திருப்பார் என்று வரும், அதைச் சொல்லும்போதுதான் சிரிப்பாள் என்றார். சொல்லிவிட்டு, தப்பாகக்கூட இருக்கலாம் என்றார்.

நாகராஜால் நம்ப முடியவில்லை. இசக்கியம்மாளுக்கு இந்தி தெரியாதா? செம்பூர் மார்க்கெட்டில் தக்காளிக்காரனை இந்தியிலேயே அழவைத்தவள் அவள். மகளின் ஸ்கூலில் டீச்சரோடு மராத்தியில் மல்லுக்கு நின்றவள். அவள் எதற்கு இங்கே வந்து, ஒருவருக்கும் புரியாத தமிழில் பேசவேண்டும்?

"நானும் கேட்டேன்," என்றாள் பிரமிளா. "சிஸ்டர், உங்கள் இந்தி என் இந்தியைவிட நல்லாயிருக்கிறதே, இந்தியில் சொன்னால் நாங்களும் கேட்போமே என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? ஜிஸ்கோ சமஜ்னா ஹை, வோ ஏக் தின் ஆயேகா."

யாருக்குப் புரியவேண்டுமோ அவர் ஒரு நாள் வருவார்.

நாகராஜ் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து படியிறங்கினார். வாஷி ஸ்டேஷனில் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டார். அவர் அழுததை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்பாயில் பிளாட்பாரத்தில் அழுகிறவனுக்கு இடம்விட்டு நிற்கத் தெரிந்த ஜனங்கள்தான் எல்லோரும்.

அந்த வாரம் பெயர்ப் பட்டைப் பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். இந்தத் தடவை "பாக்கலாம்" என்று நழுவாமல் அவர் கதவைத் திறந்தார். விஷயம் அவர்கள் காதுக்கும் போயிருந்தது, இசக்கியம்மாளின் விலாசம் சபைப் பதிவில் இருந்தது. அங்கிள், நீங்கள் ஞானஸ்நானம் எடுத்தால் போதும், ஆண்ட்டி இறந்திருந்தாலும் பரவாயில்லை, ஆலயத்தில் உங்கள் இருவருக்கும் முத்திரை உண்டு, பிறகு என்றென்றைக்கும் பிரிவில்லை என்று கண் பளபளக்கச் சொன்னான் ஒருவன். அவனுக்கு இருபது வயசிருக்கும். நாகராஜுக்கு ஆசையாக இருந்தது. ஆசை இல்லை என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய் கிடையாது. கையெழுத்துப் போடு என்று அப்போதே ஒரு காகிதத்தை நீட்டியிருந்தால் போட்டிருப்பார். ஆனால் அதற்கு முன்னால், நம்புகிறேன் என்று சொல்லவேண்டும். அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. வாழ்நாளில் அவளிடம் எத்தனையோ சின்னப் பொய் சொல்லியிருக்கிறார். அவளுக்காக இந்தப் பெரிய பொய்யைச் சொல்ல மனசு இடம் கொடுக்கவில்லை. பையன்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் பட்டினி. ஹால் நிறைந்திருந்தது. அப்பத் தட்டு வந்தது, போனது. மேடையில் இருந்தவர் நேரம் உங்களுடையது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு கல்லூரிப் பெண் பேசினாள். வெங்கட்ராவ் பேசினார். பிறகு அந்த மௌனம் வந்தது. சபையில் சேராதவன் எழுந்து போகலாமா கூடாதா என்று யாரிடமும் அவர் கேட்டு வைத்திருக்கவில்லை. எழுந்தார். கடைசி வரிசையிலிருந்து மேடை ரொம்ப தூரமாக இருந்தது.

மைக்கை யாரோ இறக்கி வைத்தார்கள். முன்னால் அத்தனை முகங்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்ற நினைப்பு வந்ததும் அவருக்கு வாய் திறந்தது.

"ஏட்டி இசக்கி, நான் வந்துட்டேன். லேட்டாயிட்டு. தெரியும், ஏசாத. இங்க எல்லாரும் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னுதான் ஆரம்பிக்காவ. எனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி. நீ இங்க நின்னு என்ன சொன்னேன்னு தெரியாது. எதுக்குச் சிரிச்சேன்னு தெரியாது. ரசத்தைச் சொன்னியாம்லா. அத எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்... இல்ல, நாந்தான் வந்திருக்கணும். பதினாலு வருசம் எனக்குன்னு பேசியிருக்க. கேக்க வேண்டியவன் வீட்டுல பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தேன்."

முன்வரிசையில் பிரமிளா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை.

"செத்தவுகள்லாம் ஒரு எடத்துல இருக்காவன்னு இவுக சொல்லுதாவ. இருக்காவளா இல்லையான்னு எனக்குத் தெரியல. இருந்தா நல்லாருக்கும்னு மட்டும் தெரியுது. நெசமா இருந்தியன்னா, மொதல்ல இருந்து எல்லாத்தையும் ஒருக்காச் சொல்லு. நான் எங்கயும் போகல. கேக்கேன்."

இயேசுவின் நாமத்தில் என்று முடிக்கிற வாசகத்தை அவர் சொல்லவில்லை. அதனால் பேச்சு முடிந்ததா இல்லையா என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. யாரும் ஆமென் சொல்லவில்லை, அசையவும் இல்லை. நாகராஜ் மைக்கின் முன்னால் தலையைச் சற்றுச் சாய்த்துக் காதுகொடுத்தபடி நின்றுகொண்டே இருந்தார்.